பிரசவ லீவு முடிஞ்சு போனா நாற்காலி இருக்குமா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை அடிக்கலை. போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம் இந்தப் பதிவை எழுத வெச்சுடுச்சு. கொஞ்சம் நீளம்தான், காபி போட்டு வெச்சுக்கிட்டு உக்காருங்க.

கொளவாய் ஏரிப் பக்கம் சாயங்காலம் நடக்கப் போறது என் வழக்கம். செங்கல்பட்டுக்காரங்களுக்கு அது தெரியும், ரயில் தண்டவாளத்தை ஒட்டியே இருக்குற ஏரி. எங்க தெருவுல இருக்குற ஒரு பொண்ணு, கைக்குழந்தையோட எதிர்ல வந்தா. பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு கம்பெனியில வேலை. "அக்கா, அடுத்த மாசம் லீவு முடியுது. அங்க ஏதோ ரீஸ்ட்ரக்சரிங்காம். என் டீமே இல்லையாம். நான் போனா என்னை எங்க உக்கார வைப்பாங்க?" அப்படின்னா.

எனக்கு சட்டுனு பதில் வரலை. ஏன்னா 2017-ல நானும் அதே கேள்வியோடதான் திருப்போரூர் வழியா கம்பெனி வேன்ல போனேன். அவகிட்ட வாயால சொன்னது பாதிதான். மீதி இங்க.

முதல்ல என் கதை

என் பையன் பிறந்தது 2017 மார்ச்சுல. அப்போ சட்டப்படி லீவு 12 வாரம். நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்து படுத்திருக்கும்போதே சட்டம் மாறிடுச்சு. ஏப்ரல் 1, 2017 முதல் 26 வாரம். ஏற்கெனவே லீவுல இருக்குறவங்களுக்கும் பொருந்தும்னு மத்திய தொழிலாளர் அமைச்சகம் விளக்கமும் குடுத்துச்சு. "உன் புள்ள பொறந்த நேரம்டி" அப்படின்னு மாமியார் சுத்திப் போட்டாங்க. :-)

அந்தக் கோடைதான் ஐ.டி. துறையில ஆட்குறைப்புக் கோடை. நாடு முழுக்க பேப்பர்ல அதே செய்திதான். நான் தாலாட்டு பாடிக்கிட்டே வாட்ஸப்புல யார் யார் போயிட்டாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க ஆபீஸ் பெரிய தலைங்க மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட்டுல எல்லாரையும் கூட்டி வெச்சு "புதிய அமைப்பு" பத்திப் பேசினாங்களாம். ஏழு கோயில்ல ஆறு கடலுக்குள்ள போச்சு, ஒண்ணுதான் மிச்சம்னு மாமல்லபுரத்துல ஒரு கதை சொல்வாங்க இல்லையா? எங்க டீமும் அப்படித்தான் ஆச்சு.

செப்டம்பர்ல திரும்பிப் போனேன். ஐ.டி. கார்டு வேலை செஞ்சுது, சீட்டுதான் இல்லை. 'பெஞ்ச்'னு சொல்லி ஒரு ஓரத்துல உக்கார வெச்சாங்க. ரெண்டாவது வாரம் ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டாங்க. என் பேர்ல ஒரு ராஜினாமாக் கடிதம், டைப் அடிச்சு ரெடியா இருந்துச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "நீங்களே போயிட்டா நல்ல சர்டிபிகேட் கிடைக்கும்" அப்படின்னாங்க, ரொம்ப மரியாதையா.

நான் ஒரு நாள் டைம் கேட்டேன். அது தைரியம் எல்லாம் இல்லீங்க. பால் கட்டிக்கிட்டு உடம்பு நெருப்பா கொதிச்சுது, வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு. அந்த ஒரு நாள்லதான் எல்லாம் மாறுச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

நிற்க. இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம்.

ஆயாவுக்கு லீவு ஏது?

எங்க ஆயா திருக்கழுக்குன்றம் பக்கத்துல நடவு ஆள். என் அப்பா பிறந்த கதையை அது சொல்லும்போது, எத்தனையாவது நாள் திரும்பவும் சேத்துல இறங்குச்சுன்னு கணக்கு சொல்லும். எங்க அம்மாவுக்கு ஒரு கணக்கு, சித்திக்கு ஒரு கணக்கு. வயல்லயும் கோவளம், கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்கள்லயும் வேலை பாத்த பொண்ணுங்களுக்கு லீவுங்கிற சொல்லே கிடையாது. வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள், அவ்வளவுதான். அவங்களுக்குன்னு தமிழ்நாட்டு அரசு ஒரு உதவித்தொகை தொடங்குனது 1987-ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்குற திட்டம். 2006-ல 6,000 ரூபாய், 2018-ல 18,000 ரூபாய்னு அது வளர்ந்துச்சு.

லீவுங்கிறது முதல்ல வந்தது ஆலைக்குத்தான். உலக அளவுல பாத்தா 1919. முதல் உலகப்போர் முடிஞ்ச கையோட ஐ.எல்.ஓ. ஆரம்பிச்சாங்க. அதோட மூணாவது உடன்படிக்கையே மகப்பேறுப் பாதுகாப்புதான். அதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, இந்தப் பதிவு முழுக்க அது வரும். லீவுல இருக்குற தாய்க்குக் குடுக்குற பணம் அரசுப் பணத்துல இருந்தோ, காப்பீட்டுல இருந்தோ வரணும். முதலாளி தன் பையில இருந்து எடுத்துக் குடுக்கணும்னு அதுல இல்லை.

நம்ம ஊருக்கு வந்தப்போ அது தலைகீழாச்சு. 1924-ல என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில ஒரு மசோதா கொண்டு வந்தார், தேறலை. 1928-ல பம்பாய் சட்ட மேலவையில, அதாவது அப்போதைய மாகாணக் கவுன்சில்ல, இதே மாதிரி ஒரு மசோதா வந்தப்போ அம்பேத்கர் ஆதரிச்சுப் பேசினார். தாய்க்கு ஓய்வு குடுக்குறது நாட்டோட நலன், அதனால சுமையில பெரும்பங்கை அரசு ஏத்துக்கணும், ஆனா அந்தப் பொண்ணோட உழைப்புல லாபம் பாக்குற முதலாளியும் முழுசா நழுவிட முடியாதுன்னு அவர் வாதம். 1929-ல பம்பாய்ச் சட்டம் வந்துச்சு. அடுத்து நம்ம சென்னை மாகாணத்துல 1934-ஆம் வருஷத்து மகப்பேறு உதவிச் சட்டம். ரெண்டுலயும் பணம் குடுக்க வேண்டியது முதலாளிதான். அரசோட பங்கு காணாமப் போச்சு.

அது முதலாளிக்கு எப்படிப்பட்ட கணக்கைக் கத்துக் குடுக்கும்? யோசிச்சுப் பாருங்க.

அந்தக் காலத்து ரீஸ்ட்ரக்சரிங்

'ரீஸ்ட்ரக்சரிங்'னு இன்னைக்கு நாம சொல்றதுக்கு அந்தக் காலத்து ஆலைகள்ல 'ரேஷனலைசேஷன்'னு பேரு. புது இயந்திரம், ஒரு ஆளுக்கு ரெண்டு மடங்கு தறி, ரெண்டு ஷிப்டு மூணு ஷிப்டு. இதுல ஒரு சிக்கல், பொண்ணுங்க ராத்திரியில வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம். 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயும் காலை 6 மணியில இருந்து ராத்திரி 7 மணி வரைக்கும்தான்னு எழுதி வெச்சாங்க. அப்போ மில் முதலாளி என்ன யோசிப்பார்? மூணு ஷிப்டுலயும் மாத்தி மாத்திப் போடக்கூடிய ஆம்பளை, பிரசவப் பணமும் குடுக்க வேண்டாம். பொண்ணு பகல் ஷிப்டு மட்டும், பணமும் குடுக்கணும், க்ரெச்சும் கட்டணும்.

முடிவு நாம யூகிக்கிறதுதான். பஞ்சாலை, சணல் ஆலை ரெண்டுலயும் பொண்ணுங்களோட பங்கு பத்து வருஷத்துக்குப் பத்து வருஷம் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு. 1974-ல பெண்களோட நிலை பத்தி ஆராய்ஞ்ச மத்தியக் குழு குடுத்த அறிக்கை இதை விவரமாப் பேசுது. இதுக்கு சட்டம் மட்டும் காரணம்னு சொல்ல முடியாது, இயந்திரங்கள்தான் பெரிய காரணம். ஆனா யாரை முதல்ல வெளிய அனுப்பலாம்னு பாக்கும்போது இந்தக் கணக்கும் முதலாளி மனசுல இருந்துச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் ரெண்டு பாதை. ஒண்ணு, 1948 ஈ.எஸ்.ஐ. சட்டம். இதுல பணம் காப்பீட்டுல இருந்து வரும், அதாவது 1919-ல சொன்ன வழி. இன்னொண்ணு, 1961 மகப்பேறு நலச் சட்டம். ஈ.எஸ்.ஐ.-க்குள்ள வராதவங்களுக்கு முதலாளி குடுக்கணும். ஈ.எஸ்.ஐ. வரம்பு 2017-ல இருந்து மாசம் 21,000 ரூபாய். அதுக்கு மேல சம்பளம் வாங்குற ஐ.டி. பொண்ணு ஒருத்தி ஆறு மாசம் லீவுல போனா முழுச் சம்பளமும் கம்பெனி கணக்குல செலவா நிக்கும். 12 வாரம் 26 ஆனப்போ அந்தச் செலவு ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சு. அரசு கைதட்டல் வாங்கிக்கிச்சு, பில்லு கம்பெனிக்குப் போச்சு. கம்பெனி அதை எங்க கழிக்கும்னு ஹெச்.ஆர். ரூமுக்குப் போனவங்களுக்குத் தெரியும்.

அரசு தானே முதலாளியா இருக்குற இடத்துல கதை வேற. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2011-ல 6 மாசம், 2016-ல 9 மாசம், 2021-ல 12 மாசம். அங்க லீவு முடிஞ்சு போனா நாற்காலி இருக்கும். நம்ம செங்கல்பட்டுல ஒரே தெருவுல கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கும் மென்பொருள் எஞ்சினியரும் இருக்காங்க. ரெண்டு பேர் புள்ளைங்களும் ஒரே பால்வாடி வயசுதான், ஆனா அம்மாக்களோட தூக்கம் ஒண்ணு இல்லை.

சட்டம் பாதுகாக்குற நாளும் பாதுகாக்காத நாளும்

1961 சட்டத்துல 12-வது பிரிவுதான் உயிர். லீவுல இருக்குற பொண்ணை அந்த சமயத்துல, இல்லைன்னா லீவு எடுத்த காரணத்துக்காக வேலையை விட்டு எடுக்குறது சட்டவிரோதம். லீவுக்குள்ள முடியுற மாதிரி நோட்டீஸ் குடுக்கவும் கூடாது. அவளுக்குப் பாதகமா வேலை நிபந்தனைகளை மாத்தவும் கூடாது. மீறினா மூணு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை சிறைன்னு 21-வது பிரிவு சொல்லுச்சு.

இது வர்றதுக்கும், வந்து இருபது வருஷம் ஆன பிறகும் கூட எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஏர் இந்தியா வழக்கைப் பாக்கணும். விமானப் பணிப்பெண் முதல் தடவை கர்ப்பமானாலே வேலை முடிஞ்சுதுன்னு அங்க விதி. நெர்கேஷ் மீர்சா வழக்குல 1981-ல உச்ச நீதிமன்றம்தான் அந்த விதியைத் தூக்குச்சு. அரசு நிறுவனத்துலயே நிலைமை அப்படி! தினக்கூலி மஸ்டர் ரோல் பொண்ணுங்களுக்கும் இந்தச் சட்டம் உண்டுன்னு டெல்லி மாநகராட்சி வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது 2000-ல.

நம்ம சென்னையிலயும் ஒரு முக்கியமான வழக்கு. 2014 கடைசியில டி.சி.எஸ்.-ல பலருக்கு வேலை நீக்கக் கடிதம் போச்சு. அதுல கர்ப்பமா இருந்த ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2015 ஜனவரியில இடைக்காலத் தடை கிடைச்சுது. அப்புறம் நிறுவனமே அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிச்சு. ஐ.டி. ஆளுங்க கோர்ட்டுக்குப் போகலாம், தொழில் தகராறு சட்டம் நமக்கும்தான்னு பல பேருக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. அடுத்த வருஷம், 2016-ல, ஐ.டி. ஊழியருங்க சங்கம் வெக்கத் தடை எதுவும் இல்லைன்னு தமிழ்நாட்டு அரசும் தெளிவாச் சொல்லிடுச்சு.

ஆனா சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. அது பாதுகாக்குறது லீவு நாளைத்தான். திரும்பி வந்த மறுநாள்? அப்போ எடுத்தா "லீவு காரணமா எடுத்தாங்க"ன்னு நாமதான் நிரூபிக்கணும். "லீவு காரணம் இல்லைங்க, டீமே கலைஞ்சுடுச்சு, ரேட்டிங் கம்மி" அப்படின்னு பதில் ரெடியா இருக்கும். ஆறு மாசம் இல்லாதவளுக்கு ரேட்டிங் எங்க இருந்து வரும்? அதைவிடப் பெரிய ஓட்டை ராஜினாமா. சட்டம் 'நீக்குறது' பத்திப் பேசுது. நாமளே எழுதிக் குடுத்துட்டா சட்டம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். டைப் அடிச்ச கடிதம் ரெடியா இருந்ததுக்கு அர்த்தம் அதுதான்.

வெளிநாட்டுல இந்த ஓட்டையை அடைக்கப் பாத்திருக்காங்க. ஜெர்மனியில 1952 சட்டத்துப்படி பிரசவத்துக்கு அப்புறம் நாலு மாசம் வரைக்கும் பொதுவா வேலையை விட்டு எடுக்க முடியாது. பிரிட்டன்ல ஆட்குறைப்பு நடந்தா, லீவுல இருக்குற பொண்ணுக்குத்தான் பொருத்தமான காலியிடத்தை முதல்ல குடுக்கணும். 2024 ஏப்ரல்ல இருந்து அந்த முன்னுரிமையை, குழந்தை பிறந்து 18 மாசம் வரைக்கும்னு நீட்டியிருக்காங்க. வேலைக்குத் திரும்பி வந்த பொண்ணையும் அதுக்குள்ள சேர்த்தாங்க. நம்ம ஊர்ல 2025 நவம்பர் 21 முதல் 1961 சட்டம் போய், சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. 26 வாரம், 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா க்ரெச், லீவு காலத்துல நீக்கத் தடை எல்லாம் அதுலயும் இருக்கு. அந்த 'மறுநாள்' மட்டும் அப்படியே கிடக்கு.

கம்பெனியே மூடிட்டா? அதுக்கு எந்தப் பிரிவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல தொடங்கி, 2014 நவம்பர் 1-ல உற்பத்தி நின்னுபோச்சு. அங்க பெரும்பாலும் சின்ன வயசுப் பொண்ணுங்க. பொண்ணுங்க ராத்திரி ஷிப்டு பாக்கக்கூடாதுங்குற பிரிவு செல்லாதுன்னு 2000-ல சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதுக்கு அப்புறம் வந்த தலைமுறை. 2014-ல அவங்க முன்னாடி விருப்ப ஓய்வுத் திட்டத்தை வெச்சாங்க. இருபத்தஞ்சு வயசுல 'விருப்ப ஓய்வு'! வயித்துல புள்ளையோட அதுல கையெழுத்துப் போட்டவங்களும் இருந்திருக்கத்தானே செய்வாங்க?

அந்த ஒரு நாள்

சரி, என் கதைக்கு வர்றேன். அன்னைக்கு சாயங்காலம் எங்க பக்கத்து வீட்டு சார், ரிட்டயர்டு ஆனவர், தொழிற்சங்கத்துல இருந்தவர், நான் அழுதுக்கிட்டு இருக்குறதைப் பாத்துட்டு விஷயத்தைக் கேட்டார். அவர் சொன்னது ரெண்டே வாக்கியம். "கையெழுத்துப் போடாதம்மா. எதுக்குப் போகச் சொல்றாங்கன்னு எழுத்துல கேளு."

மறுநாள் ஒரு மெயில் அடிச்சேன். நான் மகப்பேறு விடுப்பு முடிஞ்சு இந்தத் தேதியில சேர்ந்தேன், என்னை ராஜினாமா செய்யச் சொன்னதுக்குக் காரணத்தை எழுத்துல குடுங்கன்னு. நாலு வரிதான். பதில் வரலை. ஆனா ஒரு வாரத்துல ஒரு பிராஜெக்ட் வந்துச்சு. பழைய வேலையைவிட ஒரு படி கீழ. அந்த வருஷ ரேட்டிங்கும் அடிதான். ஜெயிச்சேன்னு சொல்லிக்க முடியாது, நாற்காலி கிடைச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு வேற இடம் போனேன்.

எழுதக் கை தயங்குற விஷயம் இனிமேதான். என்னோட அதே நாள் அந்த ரூமுக்குப் போன இன்னொரு பொண்ணு இருந்தா. அவ புள்ளைக்கு அப்போ ஏழு மாசம். அவ அங்கேயே கையெழுத்துப் போட்டுட்டா. நான் மெயில் அடிச்சதை அவகிட்ட சொல்லவே இல்லை. "நாம ஏன் பெருசாக்கணும், நம்ம வேலை நிக்கட்டும்"னு ஒரு பயம். ரெண்டு பேரா எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒம்போது வருஷமா யோசிக்கிறேன். சட்டம் அவளைக் கைவிட்டதுன்னு மேல இவ்வளவு எழுதினேனே, நானும்தான்.

அதனால ஏரிக்கரையில கேட்ட தங்கச்சிக்கும், இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும், நான் அன்னைக்கு அவகிட்ட சொல்லாததை சொல்லிடறேன்:

லீவு முடியுறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே எந்தத் தேதியில சேரப் போறேன், எந்த டீம், யார்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும்னு மெயில்ல கேட்டுடு. போன்ல பேசினதை வெச்சுக்க முடியாது. பழைய ரேட்டிங், பாராட்டு மெயில் எல்லாம் விதிக்கு உட்பட்டு என்ன வெச்சுக்கலாமோ வெச்சுக்கோ. குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் குடுக்க தினம் ரெண்டு இடைவேளை உன் உரிமை, அதைச் சலுகை மாதிரி கெஞ்சிக் கேக்காத. ரூமுக்குக் கூப்பிட்டா தண்ணி குடி, கேளு, எதுலயும் அன்னைக்கே கையெழுத்துப் போடாத. தொழிலாளர் துறை அலுவலகம்னு ஒண்ணு இருக்கு, அங்க மனு குடுக்க வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்லை.

முக்கியமா, உன்னோட அந்த ரூமுக்கு வேற யார் போறாங்கன்னு பாரு. அவகிட்டயும் பேசு.

பையன் "அம்மா, போதும் டைப் அடிச்சது, பசிக்குது"ங்கிறான். அந்த 26 வாரத்துக்காரன்தான். கிளம்பறேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. சட்டம் இப்பதான் புதுத் தொகுப்புக்கு மாறியிருக்கு, அதனால உங்க விஷயத்துக்கு விவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. உங்க வீட்டு ஆயாவோ அம்மாவோ பிரசவத்துக்கு அப்புறம் எத்தனையாவது நாள் வேலைக்குப் போனாங்கன்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல எழுதுங்க. அந்தக் கணக்கை யாரும் இதுவரைக்கும் எழுதி வெக்கலை.